இரவல் வாங்கிய ஓவியங்கள்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. பாட்டியின் சீதனம். விளிம்பில் பாட்டியின் பெயரை வெட்டி வைத்திருந்தார்கள். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அந்த அண்டாவைக் கேட்டு ஆள் வரும். பாட்டி இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் அண்டா திரும்பி வருகிற வரையில் பாட்டிக்குத் தூக்கம் வராது. வந்ததும் விளக்கடியில் வைத்து, சுற்றிலும் விரலால் தடவிப் பார்ப்பாள். ஒரு தடவை நசுங்கி வந்தது. "இனிமேல் ஒருத்தருக்கும் கொடுக்கமாட்டேன்" என்றாள். அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் வந்தபோது கொடுத்துவிட்டாள்.

ஓர் அண்டாவுக்கே இந்தப் பாடு. பாட்டன், முப்பாட்டன் காலத்தில் இத்தாலியிலிருந்து வாங்கி வந்த ஓவியத்தை, "ஆறு மாதத்துக்குக் கொடுங்கள்" என்று முன்பின் பழக்கமில்லாத ஒருவர் வந்து கேட்டால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் கேட்டார்கள். 1857-ம் ஆண்டில், இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்தில் நடந்த கலைப் பொக்கிஷக் கண்காட்சிக்காகக் கேட்டார்கள். கேட்டவர்கள் ஆலைக்காரர்களும் வியாபாரிகளும். கொடுத்தவர்கள் பிரபுக்கள், சீமான்கள், விக்டோரியா மகாராணி. ஓவியம், சிலை, பீங்கான், தந்த வேலை, கவசம் எல்லாமாகச் சேர்த்து சுமார் 16,000 பொருட்கள் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. அநேகமாக எல்லாமே இரவல்!

பஞ்சு ஊருக்கு எதற்கு ஓவியம்?

கோயமுத்தூரைத் "தென்னாட்டு மான்செஸ்டர்" என்று சொல்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டர்தான் இது. நூலும் துணியும் அந்த ஊருக்கு உயிர். அங்கே நெய்த துணி கப்பல் ஏறி நம் ஊர்ச் சந்தை வரையில் வந்து, நம் நெசவாளர் வயிற்றில் அடித்தது பழைய கதை. எங்கே பார்த்தாலும் ஆலைப் புகைபோக்கி. துவைத்துக் காயப் போட்ட வெள்ளை வேட்டி, மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும் என்று சொல்லலாம். அவ்வளவு புகை.

1851-ல் லண்டனில் கண்ணாடி மாளிகை கட்டி ஒரு பெரிய சர்வதேசப் பொருட்காட்சி நடத்தினார்கள். இயந்திரம், துணிமணி, நகை எல்லாம் வைத்தார்கள். ஓவியத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை. 1853-ல் டப்ளின் நகரத்தில் நடந்த பொருட்காட்சியில் ஓவியங்களையும் வைத்தார்கள். அதில் வேலை பார்த்தவர் ஜான் கானெலன் டீன். அவர்தான், "இங்கிலாந்தில் உள்ள ஓவியங்களை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டினால் என்ன?" என்ற யோசனையை மான்செஸ்டர் தொழிலதிபர் தாமஸ் ஃபேர்பேர்னிடம் கொண்டு போனார்.

மான்செஸ்டர்காரர்களுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. பணம் பண்ணத்தான் தெரியும், பண்பாடு தெரியாது என்று மற்ற ஊர்க்காரர்கள் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நஷ்டம் வந்தால் நாங்கள் பொறுப்பு என்று உள்ளூர்ப் பணக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் புண்ணியத்துக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கௌரவத்துக்காகச் செய்தார்கள். கௌரவத்துக்காகச் செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியம்தானே!

"பஞ்சு நூற்கிறவர்களுக்கு ஓவியம் எதற்கு? நூற்பதோடு நிற்கக் கூடாதா?" என்ற மாதிரி ஒரு டியூக் கேட்டதாக ஒரு கதை உண்டு. அவர் வாய்விட்டுக் கேட்டாரோ இல்லையோ, பல மாளிகைகளில் அந்த எண்ணம் இருந்திருக்கும்.

எந்த வீட்டில் எந்தப் படம்?

இரவல் கேட்க வேண்டுமென்றால் முதலில் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கல்யாணத்துக்கு யார் வீட்டில் பெரிய ஜமக்காளம் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் அத்தை ஒருத்தி ஒவ்வொரு தெருவிலும் இருப்பாள் அல்லவா? இங்கிலாந்துக்கு அப்படி ஓர் "அத்தை" வாய்த்தார். அவர் ஆங்கிலேயர்கூட இல்லை. ஜெர்மானியர். பெயர் குஸ்டாவ் வாகன். பெர்லின் நகரத்து அரசாங்க ஓவியக் கூடத்தின் தலைவர்.

1835-ல் முதல் தடவை இங்கிலாந்துக்கு வந்தார் வாகன். அதன் பிறகும் வந்தார். மாளிகை மாளிகையாக ஏறி இறங்கினார். எந்தச் சீமான் வீட்டு எந்த அறையில் யார் எழுதிய படம் தொங்குகிறது, அது அசலா நகலா என்று குறித்துக்கொண்டார். அதைப் புத்தகமாக எழுதி 1854-ல் மூன்று பாகங்களாக வெளியிட்டார். அதைப் பார்த்துத்தான், தங்கள் நாட்டில் எவ்வளவு பொக்கிஷம் பூட்டிய கதவுக்குள் கிடக்கிறது என்று இங்கிலாந்துக்காரர்களில் பல பேருக்குத் தெரிந்தது. வீட்டுக்காரனுக்கே அயலூரான் வந்து சொல்ல வேண்டியிருந்தது!

வாகனின் புத்தகம் கையில் இருந்தால் போதுமா? நேரில் போய்ப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பொறுக்க வேண்டும். பழைய ஓவியங்களுக்கு அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஜார்ஜ் ஷார்ஃப். இவர் தாமே படம் வரைகிறவர். ஒவ்வொரு மாளிகைக்கும் போய், சுவரில் உள்ள படத்தைப் பார்த்து, சிறு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் சின்னதாக வரைந்துகொள்வார். புகைப்படம் எடுப்பது பெருவேலையாக இருந்த காலம். அந்தக் கிறுக்கல்களை வைத்துக்கொண்டுதான் மான்செஸ்டரில் எந்தச் சுவரில் எதை மாட்டுவது என்று திட்டம் போட்டார்.

இளவரசர் சொன்ன வழி

இந்த வேலையில் கடினமான பகுதி சுவர் எழுப்புவதோ, கூரை போடுவதோ அல்ல. இரும்பும் கண்ணாடியும் பணம் கொடுத்தால் வரும். சம்மதம் அப்படி வராது.

பிரபுக்களின் பயத்தை நான் பரிகசிக்கமாட்டேன். அந்தப் பயம் நியாயமானது. பலகையில் எழுதிய பழைய படம், காற்றில் ஈரம் ஏறி இறங்கினாலே விரிசல் விடும். ரெயிலின் குலுக்கலில் வண்ணம் உதிரலாம். புகை படியலாம். தீப்பிடித்தால் என்ன ஆவது? போனது போனதுதான். பணம் கொடுத்தால் இன்னொரு ரபேல் வருவாரா?

பயத்துக்கு ஒவ்வொன்றாக மருந்து தேடினார்கள். ஊருக்கு நடுவே வேண்டாம் என்று, புகை அதிகம் எட்டாத ஓல்டு டிராஃபோர்டில் இடம் பிடித்தார்கள். (கிரிக்கெட் பைத்தியங்களுக்கு இந்தப் பெயர் தெரியும். கண்காட்சிக்காக எடுத்துக்கொண்ட இடத்தில் ஆடிக்கொண்டிருந்த கிரிக்கெட் கிளப்பார், பக்கத்தில் வேறு மைதானத்துக்குப் போனார்கள். அதுதான் இன்று உலகப் புகழ் பெற்ற ஓல்டு டிராஃபோர்டு மைதானம். ஓவியத்துக்காகக் கிரிக்கெட் ஒதுங்கி நின்றது உலகத்தில் அந்த ஒரு தடவைதானோ என்னவோ!)

ஆனால் இந்தப் பாதுகாப்பையெல்லாம் விடப் பெரிய உதவி ஒரு கடிதத்திலிருந்து கிடைத்தது. மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசரிடம் ஆதரவு கேட்டுப் போனார்கள். 1856 ஜூலையில் அவர் பதில் எழுதினார். நல்ல விவரம் தெரிந்த மனிதர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு வட்டாரத்து ஜனங்கள் வேடிக்கை பார்ப்பதற்காக என்று கேட்டால், அருமையான படங்களை அனுப்புவது தங்கள் கடமை என்று சொந்தக்காரர்களுக்குத் தோன்றாது. நாட்டு மக்களின் கல்விக்காக என்று கேளுங்கள். கலை எப்படித் தோன்றி எப்படி வளர்ந்தது என்பதைக் காலவரிசைப்படி ஒரு சங்கிலி போலக் காட்டுங்கள்.

இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனித்தீர்களா? "உங்கள் படத்தைக் கொடுங்கள்" என்பது ஒரு பேச்சு. "சங்கிலியில் ஒரு கண்ணி குறைகிறது, அது உங்கள் வீட்டில் இருக்கிறது" என்பது வேறு பேச்சு. இரண்டாவதைக் கேட்டவர் கதவைச் சாத்துவது கஷ்டம். அதோடு மகாராணியே தம் படங்களைக் கொடுக்கிறார் என்றால் மற்றவர்கள் எப்படி மறுப்பார்கள்?

அப்படியும் மறுத்தவர்கள் உண்டு. கொடுத்தவர்களில் சிலர் தாராளமாகவே கொடுத்தார்கள். ஹெர்ட்ஃபோர்டு பிரபு பெரும்பாலும் பாரிஸில் வாழ்ந்தவர். ஓவியங்களை வாங்கி வாங்கிக் குவித்தவர். அவர் 44 ஓவியங்களை அனுப்பினார். அவற்றுக்கென்று தனிக் கூடமே ஒதுக்கினார்கள்.

தானம் கொடுத்த மாடு

இரவலில் ஒரு சங்கடம் உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஒரு சீமான் தம் வீட்டுப் படத்தை "இது லியோனார்டோ எழுதியது" என்று சொல்லி அனுப்புகிறார். பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. என்ன செய்வது? "பொய்" என்று எழுதி மாட்டினால் அடுத்த நாளே ஆள் அனுப்பிப் படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். ஆகவே சொந்தக்காரர் சொன்ன பெயரே பெரும்பாலும் பட்டியலில் ஏறியது. தோரே என்ற பிரெஞ்சு விமர்சகர் நேரில் வந்து பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். எது யார் எழுதியது என்று அவரைப் போன்றவர்கள் பிறகு சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையால் நன்மைதான். பூட்டிய வீட்டில் தொங்கியிருந்தால் சண்டை போடவே வழியில்லையே!

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. கண்காட்சி திறந்தது 1857 மே 5. ஆல்பர்ட் இளவரசர் வந்து திறந்துவைத்தார். ஐந்தே நாளில், மே 10-ம் தேதி, மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அந்தக் கண்காட்சியில் நம் நாட்டுக் கைவேலைப் பொருட்களும் இருந்தன. கொடுத்து உதவியது கிழக்கிந்தியக் கம்பெனி. பிரபுவிடம் படம் கேட்க இளவரசரின் கடிதம் வேண்டியிருந்தது. கம்பெனியிடம் அந்தப் பொருட்கள் எந்த விதமாகச் சேர்ந்தன என்று அங்கே வந்தவர்களில் யாராவது கேட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்.

ரெயில் ஏறி வந்த ஜனம்

கண்காட்சி மைதானத்தின் வாசலிலேயே ரெயில் வந்து நின்றது. அதற்கென்றே ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். யாத்திரை நடத்துவதில் பேர்போன தாமஸ் குக் தூர ஊர்களிலிருந்து ஜனங்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி புறப்பட்டு, விடிகாலையில் வந்து இறங்கி, நாள் முழுவதும் பார்த்துவிட்டு, மறுபடி ராத்திரி ரெயிலில் திரும்புவார்கள். நம் ஊரில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி. சாதாரண நாட்களில் கட்டணம் ஒரு ஷில்லிங்.

டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி, சால்டேர் என்று தம் பெயரிலேயே ஊர் கட்டியவர், தம் தொழிலாளர்களில் 2,500 பேருக்கு மேல் மூன்று தனி ரெயில்களில் ஏற்றிச் செப்டம்பரில் அழைத்து வந்தார். கார்ல் மார்க்ஸின் நண்பர் ஏங்கல்ஸ் அப்போது மான்செஸ்டரில் ஒரு நூல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் ஓவியப் பேச்சாகவே இருக்கிறது, நீயும் உன் மனைவியும் வந்து பாருங்கள் என்று அவர் மார்க்ஸுக்கு எழுதினார். முதலாளிகள் செய்த ஒரு காரியத்தை ஏங்கல்ஸே மெச்சினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனங்கள் எந்தப் படத்தின் முன்னால் கூடினார்கள்? பண்டிதர்கள் புகழ்ந்த படத்தின் முன்னால் மட்டும் அல்ல. கார்லைல் பிரபு கொடுத்த படம் ஒன்று. இயேசுவின் உயிரற்ற உடலை மடியில் கிடத்திக்கொண்டு தாய் மயங்கிக் கிடக்கிறாள். சுற்றிலும் பெண்கள் கதறுகிறார்கள். கராச்சி என்ற இத்தாலியர் எழுதியது. அதன் முன்னால் எப்போதும் கூட்டம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எந்த ஆலைத் தெருவில் இல்லை? அவர்களுக்கு அந்தப் படத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. இன்னொன்று, வறுமையில் விஷம் குடித்து 17 வயதில் இறந்த சாட்டர்டன் என்ற கவிஞனின் படம். ஹென்றி வாலிஸ் எழுதியது. அதைச் சுற்றி நெருக்கிய கூட்டத்தைச் சமாளிக்கப் போலீசார் நிற்க வேண்டியிருந்தது.

"தொழிலாளிகள் படத்தைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்" என்று குறை சொன்னவர்களும் உண்டு. இதற்கு ஒரு பெரிய எழுத்தாளரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். அமெரிக்க நாவலாசிரியர் நதானியல் ஹாதார்ன் குடும்பத்தோடு கண்காட்சிக்கு அருகிலேயே தங்கித் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். படித்த மனிதர். அவருக்கே முதலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அலுத்துப் போனார். பல தடவை போன பிறகுதான் சில படங்கள் பிடிபட்டன. ஹாதார்னுக்கே பல நாள் வேண்டியிருந்தால், ஒரே நாள் லீவில் வந்த நூற்புக்காரி முழித்ததில் என்ன அதிசயம்?

அமைப்பாளர்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு விடுமுறை. வாரத்தில் தொழிலாளிக்கு முழுதாகக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். சனிக்கிழமை பிற்பகல் ஆலை விட்ட பிறகு ஓடி வந்தால்தான் உண்டு. ஞாயிறு ஆண்டவனுக்குரிய நாள் என்பது அந்த ஊர் வழக்கம். வழக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் மக்களின் கல்விக்காக என்று சொல்லி வாங்கிய படங்களை, மக்களுக்கு ஓய்வு உள்ள நாளில் பூட்டி வைத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்?

அப்படியும் 142 நாட்களில் சுமார் 13 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் செலவு போக மிஞ்சியது சுமார் 300 பவுன். லட்சம் பவுனுக்கு மேல் புரண்ட காரியத்தில் அது கடுகுதான். ஆனால் நஷ்டமில்லை. சார்லஸ் ஹாலே என்பவர் கண்காட்சிக்காகச் சேர்த்த வாத்தியக் கோஷ்டியைக் கலைக்க மனமில்லாமல் 1858-ல் நிலையான குழுவாக ஆக்கினார். அது இன்றைக்கும் மான்செஸ்டரில் வாசித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு எங்கே போயின?

அக்டோபர் 17-ம் தேதி கண்காட்சி முடிந்தது. படங்கள் பெட்டியில் ஏறி அவரவர் வீட்டுக்குப் போயின. மறுவருஷம் கட்டடத்தையும் பிரித்துவிட்டார்கள். கல்யாணப் பந்தல் மாதிரி, இருந்த இடம் தெரியவில்லை.

ஆனால் வழி திறந்துவிட்டது. 1862-ல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் ஓவியங்களுக்குப் பெரிய கூடங்கள் கட்டினார்கள். 1870 முதல் லண்டன் ராயல் அகாடமி, தனியார் வீட்டு ஓவியங்களை இரவல் வாங்கிக் குளிர்காலந்தோறும் காட்டத் தொடங்கியது. கொடுத்துப் பழகிய கை மறுபடி கொடுக்கத் தயங்கவில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். படத்தை வாங்கியவன் அதைத் தன் வீட்டில் மாட்டிக்கொள்வது அவன் உரிமை. ஆனால் வருஷக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் தொங்கும் படம், பெட்டிக்குள் கிடக்கும் பட்டுப்புடவை. கொடுத்தால் கிழியும் என்ற பயத்தில் வைத்திருந்து கடைசியில் பூச்சி அரிக்கக் கொடுக்கிற புடவை. ஆகவே இரவல் கொடுத்தவர்களை நான் மெச்சுகிறேன். அதற்காக ஒரு நாடு இரவலை நம்பியே காலம் தள்ளவும் முடியாது. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை" என்று நம் கிழவிகள் சொல்வார்களே, அதுதான் நடக்கும்.

அன்று தொங்கிய படங்களில் சிலவற்றின் பிற்காலத்தைப் பாருங்கள். மைக்கலாஞ்சலோ பாதியில் விட்ட கன்னி மாதா படம் ஒன்று இருந்தது. இடது பக்கத்துத் தேவதைகளுக்கு வண்ணமே தீட்டவில்லை. லபூஷேர் என்ற மந்திரி கொடுத்தது. மான்செஸ்டரில் வைத்த பிறகு அதற்கு "மான்செஸ்டர் மடோனா" என்றே பெயர் வந்துவிட்டது. 1870-ல் லண்டன் தேசிய ஓவியக் கூடம் அதை வாங்கியது. ஜனங்கள் கண்ணீர் விட்ட கராச்சி படமும் 1913-ல் அதே கூடத்துக்கு வந்தது. இரண்டையும் இன்று காலணாச் செலவில்லாமல் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

ஹெர்ட்ஃபோர்டு பிரபு சேர்த்த படங்கள், வாலஸ் சீமாட்டியின் உயில்படி 1897-ல் நாட்டுக்கு வந்தன. 1900-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் மான்செஸ்டருக்கு 44 படங்களை இரவல் அனுப்பிய அந்தச் சேகரம், பொதுச் சொத்தான பிறகு 2019 வரையில் ஒரு படத்தைக்கூட வெளியே இரவல் கொடுக்காமல் இருந்தது. உயிலை அப்படிப் பொருள் கொண்டார்கள்!

ரபேல் எழுதிய மூன்று தேவியர் படம் பிரான்ஸுக்குப் போனது. இப்போது சாண்டில்லி மாளிகையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கெயின்ஸ்பரோ எழுதிய "நீலப் பையன்". நீலப் பட்டுச் சட்டை போட்ட ஒரு சிறுவன் நிமிர்ந்து நிற்கும் படம். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு அதை மான்செஸ்டருக்குக் கொடுத்திருந்தார். 1921-ல் அவர் வம்சத்தார் அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அமெரிக்கக் கோடீசுவரர் ஹண்டிங்டன். கப்பல் ஏறும் முன்னால் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் சில நாட்கள் வைத்தார்கள். 90,000 பேர் வரிசையில் நின்று வழியனுப்பினார்கள். 1922 ஜனவரி 25-ம் தேதி கடைசி நாள்.

சரியாக நூறு வருஷம் கழித்து, 2022 ஜனவரி 25-ம் தேதி, "நீலப் பையன்" அதே கூடத்தில் மறுபடி வந்து நின்றான். கலிபோர்னியாக்காரர்கள் இரவல் கொடுத்தார்கள். மே 15-ம் தேதியோடு தவணை முடிந்தது. பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.